பத்திரமான இடம்

திருடர்கள் ஜாக்கிரதை என்று மூலைக்கு மூலை பலகை வைத்திருந்த அந்தச் சந்தைத் தெருவில் வத்சலா எப்போதும் முந்தானையால் கழுத்தைப் போர்த்திக்கொண்டுதான் நடப்பாள். அன்று உச்சி வெயிலில் கண் இருட்டி விழுந்துவிட்டாள். முகத்தில் தண்ணீர் பட்டு விழித்தபோது, முன்பின் தெரியாத எலுமிச்சம்பழக்காரியின் மடியில் தலை இருந்தது. கை கழுத்துக்குப் போனது. வெறும் கழுத்து.

"ஐயோ, என் செயின்!"

"கத்தாத கண்ணு, இங்க கீது பாரு" என்று பழக்காரி தன் கழுத்தைக் காட்டினாள். "கூட்டம் கூடிக்கிச்சு. எவனாவது அத்துக்கினு பூடுவான்னு நானே போட்டுக்கினேன். என் கழுத்துல கை வைக்க இங்க எவனுக்கும் தில்லு கெடையாது."

அவள் கொக்கியைத் தேடிக் கழற்றப் போனாள். வியர்வையில் சங்கிலி பளபளத்தது. வத்சலா மறுபடி அந்த மடியிலேயே தலைசாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இருக்கட்டும்க்கா. கொஞ்ச நேரம் கழிச்சு வாங்கிக்கறேன்."