உள்ளே வைத்த மணிகளைக் காணோம்

"காணோம். ஒண்ணைக்கூடக் காணோம்," என்றார் சின்ன டாக்டர், எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து. பொருளைப் பறிகொடுத்த மனிதர் இப்படிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

காணாமல் போனவை மருந்து மணிகள். தையல்கார அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பில் சீழ் வைத்து, மாத்திரை, ஊசி எதற்கும் மசியவில்லை. சின்ன டாக்டர் எலும்பில் துளை போட்டு, ஆன்டிபயாடிக் நிரப்பிய மிளகளவு மணிகளை உள்ளே வைத்து மூடினார். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டு, வேலை முடிந்ததும் மணிகள் தாமாகவே கரைந்துவிட வேண்டும். அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. மனுஷக் காலில் இதுதான் முதல் சோதனை.

"கரையலைன்னா மறுபடி காலைத் திறந்து எடுத்துடணும்மா," என்று போன வாரமே சொல்லித் தொலைத்துவிட்டார். அன்றிலிருந்து அந்த அம்மாவுக்குத் தூக்கம் போச்சு. நாளெல்லாம் ஊசியோடு மல்லுக்கட்டுகிறவர்தான், ஆனால் கத்தி என்றால் குலை நடுக்கம்.

இப்போது சக்கர நாற்காலியில் சாய்ந்து நிம்மதியாக இருந்தார். பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர்தான் பேன்ட்டின் ஒரு காலை முழங்கால் வரை சுருட்டியபடி, இறக்கிவிடக்கூட மறந்து, கையைப் பிசைந்துகொண்டிருந்தார். பெண்டாட்டி மேல் அவ்வளவு பாசம்.

"எக்ஸ்ரே எடுத்தவர் நிமிர்ந்துகூடப் பாக்கலை சார், செல்ஃபோன்ல பேசிக்கிட்டே எடுத்தாரு. படம் சரியா விழுந்திருக்கா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"சரியாவா? துளை போட்ட தடம்கூட இல்லை சார். எலும்பு அப்படியே புத்தம் புதுசு."

"அப்ப எனக்கு இனிமே கத்தி இல்லையே டாக்டர்?" என்றார் அந்த அம்மா.

"அந்தப் பேச்சுக்கே இடமில்லை. போய் மெஷினை மிதிங்க."

அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் உள்ளே வந்தார். எலும்புக்குள்ள மிட்டாய் வச்சா நோய் போயிடுமாய்யா என்று ஆரம்பத்திலிருந்தே கேலி பேசியவர் அவர். படத்தை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"ம், கரைஞ்சுதான் இருக்கு. ஒத்துக்கறேன்," என்றார் பெரியவர். "ஆனா கணுக்கால்கிட்ட இது என்ன? எலும்பு கொம்பு மாதிரி வளர்ந்து நிக்குது. நடந்தா குத்துமேம்மா?"

"குத்துது, குத்துதுன்னு தினமும் வீட்டுல ஒரே புலம்பல்தான் டாக்டர்," என்றார் அந்த அம்மா.

"இதை விட்டா நடக்கவே முடியாமப் போயிடும். நாளைக்கே திறந்து செதுக்கிடலாம். பயப்படாதீங்க."

அந்த அம்மா மயங்கி விழப்போகிறார் என்று சின்ன டாக்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அந்த அம்மாவோ கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே சரிந்தார்.

"எனக்கென்ன பயம், தாராளமா செதுக்குங்க டாக்டர்," என்றார் அந்த அம்மா. "அது இவரு காலு."