டெனிஸ் தின்ற தக்காளி

என் பிள்ளை டெனிஸ் தக்காளியைப் பச்சையாகத் தின்றுகொண்டிருந்தான்.

அதுவும் என் கண்ணெதிரே.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, தாம்பரத்திலிருந்து கீழ்க்கட்டளைக்குச் சாப்பிட வந்திருந்தேன். மகன் வீடுதான். ஆனால் அங்கே மருமகள் ஜெனி வைத்ததுதான் சட்டம்.

கல்யாணம் ஆகும்வரை, ரசத்தில் ஒரு தக்காளித் தோல் மிதந்தாலும் தட்டைத் தள்ளிவிடுகிற பயல் இவன். எத்தனை வருஷம் வடிகட்டிக் கொடுத்திருப்பேன்! கெஞ்சினேன், அடித்தேன், ஊட்டிவிட்டேன். ம்ஹூம்.

இவள் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வட்ட வட்டமாக நறுக்கி, மிளகுத்தூள் தூவி வைக்கிறாள். துரையும் தின்கிறார்.

“ஹார்ட்டுக்கு நல்லதும்மா. லைகோபின் இருக்கு. ஸ்கின்னுக்கும் நல்லது, வைட்டமின் சி வேற,” என்றான்.

அவள் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பிக்கிறான். நான் சயின்ஸ் டீச்சராக இருந்தவள். வைட்டமினைப் பற்றி இவனுக்கு மூன்றாம் வகுப்பிலேயே சொன்னேன். அம்மா சொன்னால் காதில் ஏறாது, பெண்டாட்டி சொன்னால் ஏறிவிடும்.

வயிறு எரிந்தது. ஆமாம், பொறாமைதான். அதற்கென்ன இப்போது?

இதில் எனக்கு மட்டும் அவள் தக்காளி வைக்கவில்லை. ரெண்டு துண்டு வெள்ளரிக்காயோடு சரி. இவன் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

ஜெனி குழம்பு எடுக்க உள்ளே போனாள். போனதுதான் தாமதம், டெனிஸ் தன் தட்டில் மிச்சமிருந்த தக்காளியையெல்லாம் அள்ளி என் தட்டில் போட்டான்.

“அம்மா, சீக்கிரம் தின்னுடு! வாயில வைக்க முடியல. அவ மனசு நோகக் கூடாதேன்னுதான் தின்னுறேன்.”

ஸ்தோத்திரம் ஆண்டவரே! என் பிள்ளை என் பிள்ளைதான். மெல்லக்கூட இல்லை, அப்படியே விழுங்கினேன். என் ஆயுசில் இவ்வளவு ருசியான தக்காளியை நான் தின்றதில்லை.

ஜெனி திரும்பி வந்து அவன் தட்டைப் பார்த்தாள். முகமெல்லாம் பூரிப்பு. என் தட்டில் ஒழுகியிருந்த சாற்றைச் சோற்றைத் தள்ளி மறைத்தேன்.

போன மாதம் குரோம்பேட்டையில் டாக்டர் என் கிட்னி ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, தக்காளிப் பக்கமே போகாதீர்கள் என்று சொன்னார்.

டெனிஸுக்கு அது தெரியாது. பயந்துவிடுவான், சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருந்தேன்.

அன்றைக்கு லீவு போட்டு என்னைக் கூட்டிப்போனவள், வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள், ஜெனிதான்.