செகினேயின் நாற்றுத்தட்டு

இன்றைக்கும் இரண்டு நுனிகள் குறைந்திருந்தன.

ஃபுசாயே மேப்பிள் மரத்தின் கீழ்க்கிளையை வளைத்துப் பார்த்தாள். கணுவுக்குக் கீழே சாய்வாக ஒரே வெட்டு. தொழில் தெரிந்த கை.

ஜூன் கடைசி, மழை விடவில்லை. இளங்குச்சியை வெட்டி நட்டால் வேர் பிடிக்கிற பருவம். ஆங்க்யோ ஊரில் நாற்று வளர்க்கிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இளஞ்சிவப்பாய்த் துளிர்த்து, கோடையில் பால்வெள்ளையாக மாறும் இந்த மரம் உலகத்திலேயே ஒன்றுதான். அவள் கணவர் டொகுஜி போட்ட எத்தனையோ ஆயிரம் விதைகளில் தப்பிப் பிறந்தது. ஒன்றே ஒன்று என்பதுதான் அதன் விலை. இன்னொன்று வேர் விட்டால் இதைச் சீந்த ஆளில்லை.

அவளுடைய சந்தேகமெல்லாம் பக்கத்துப் பண்ணை செகினே மேல்தான். பத்து வருடமாக வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தலையை மட்டும் ஆட்டியவன், டொகுஜி பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து தினமும் நலம் விசாரிக்க வருகிறான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

அவள் தேநீரோடு உள்ளே போனால் இருவரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். வாய் குழறுகிற மனிதரிடம் அப்படி என்ன ரகசியம்?

குடையைக்கூட எடுக்காமல் அவன் பண்ணைக்குப் போனாள்.

பிளாஸ்டிக் கூடாரத்தின் மூலையில், ஈரத்துணி போர்த்திய தட்டு. துணியை விலக்கினாள். இலையைப் பாதியாக நறுக்கி நட்ட முப்பது குச்சிகள். ஒன்றை உருவினாள். அடியில் வெள்ளை வேர்கள் நூல்நூலாகத் தொங்கின.

“படுத்துக் கிடக்கிற மனுஷன் வீட்டுலயா கை வைப்பே, திருட்டுப் பயலே?”

செகினே பதறவில்லை. குச்சியை அவள் கையிலிருந்து வாங்கி, மறுபடி குழியில் வைத்து, விரலால் மண்ணை அணைத்தான்.

“வெட்டினது நான்தான் அண்ணி. வெட்டச் சொன்னது அவர். வர்ற வியாழக்கிழமை லாரி வந்து மரத்தைப் பேத்துக்கிட்டுப் போயிடுமாம். நான் வெட்டுறது உங்களுக்கு மட்டும் தெரிய வேணாம்னார்.”



லாரி வருவதை அவள் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவர் வைத்தியத்துக்காகத்தான் மரத்தை விற்றிருந்தாள். ‘இந்த ரகத்தில் வேறு கன்று இல்லை’ என்று எழுதிய தாளில், டோக்கியோ வியாபாரிக்குக் கையெழுத்துக்குப் பதில் முத்திரை குத்திக் கொடுத்திருந்தாள். அதுவும், டொகுஜி தூங்குகிறாரா என்று கதவிடுக்கில் இரண்டு தடவை பார்த்துவிட்டு.