புவனகிரி வரக் கூடாது!

கடலூர் மாவட்டக் கல்லூரிக் கபடி லீக்கில் புவனகிரிக் கல்லூரியைப் புதிதாகச் சேர்க்கலாமா என்று சிதம்பரம் அணியின் ரசிகர் மன்றத்திடம் கருத்துக் கேட்டிருந்தார்கள். மன்றம் டீக்கடையில் கூடியது. செயலாளர் செந்தமிழ்செல்வன் பூகம்பம்போல எழுந்தான்.

“சேக்கவே கூடாது! அவனுங்க கிரவுண்டுல ஆடுனா நம்ம பசங்க முட்டி பேந்துடும்.”

“புதுசா மேட் போட்டுட்டாங்க மச்சான்” என்றான் லூர்து பிரகாஷ்.

“அப்போ தூரம்! பஸ்ல போயே களைச்சிடுவானுங்க.”

“புவனகிரி தூரமா? இந்த டீ ஆறுறதுக்குள்ள போயிடலாம்.”

“அவனுங்க ஒவ்வொருத்தனும் நெல்லு மூட்டை சைசுடா. நம்ம பசங்களச் சுருட்டிக் கக்கத்துல வெச்சிக்குவானுங்க!”

“தோத்தா தோக்குறோம். உனக்கு ஏன்டா இவ்ளோ காண்டு?”

செல்வனின் குரல் இறங்கியது. “என் பொண்டாட்டி ஊரு புவனகிரிடா. அம்மா வூட்டுக்கு அவ கூப்புடுறப்பல்லாம் ‘மேட்ச் இருக்கு’ன்னு சொல்லித்தான் கல்யாணமானதுலேருந்து தப்பிக்கிறேன். இப்ப மேட்ச்சே மாமியார் வூட்டுக்குப் பின்னாடி நடக்கப்போவுது! மாமனாரு தன் ஆபரேஷன் கதைய ஆரம்பிச்சா முடியறதுக்குள்ள வெள்ளாறே வத்திப்போவும்டா!”

பிரகாஷ் மனமுருகி அவன் தோளில் கை வைத்தான்.

“மாமியார் சமையல் எப்புடி?”

“அதுல குறையே இல்ல. எறா தொக்கு வெச்சா தெருவே மணக்கும்.”

“மாப்ளகூட வர்றவங்களுக்கும் இலை போடுவாங்கல்ல?”

“போடாம? ஏன் கேக்குற?”

புவனகிரியைச் சேர்ப்பதற்கு ஆதரவாக, செயலாளரைத் தவிர மன்றமே கையைத் தூக்கியது. பிரகாஷ் இரண்டு கைகளையும் தூக்கினான்.