ஓதிய கதலிப்பழம்

இந்தத் தடவை புருசனின் அக்கா சுஹறா மதினியை ஆஸ்பத்திரி வாசல்படி மிதிக்க விடுவதில்லை என்று ஸுலைஹா ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்.

“உங்கட ராத்தா வந்தா நான் புள்ளையத் தூக்கிட்டு வூட்ட போயிருவன். சொல்லிட்டன்.”

“அவ வந்தா நானே கேட்டில வச்சித் திருப்பி அனுப்புறன்” என்றான் அவள் புருசன் அதாவுல்லா. அவனும் சூடாகத்தான் இருந்தான்.

சூடு வராமல் என்ன செய்யும்? ஐந்து வயது மகள் கமீலாவுக்குத் தொண்டையில் டொன்சில். மாதத்துக்கு இரண்டு காய்ச்சல். சோறு விழுங்க முடியாமல் பிள்ளை ஈர்க்கிலாய் மெலிந்துவிட்டாள். வெட்டி எடுத்தால் சுகம், சின்ன வேலைதான் என்று டொக்டர் திகதி கொடுத்தார். ஒரே ஒரு கட்டளை: மயக்க மருந்து கொடுக்க வேண்டும், ஆகவே அன்று காலையில் பிள்ளையின் வாயில் பச்சைத் தண்ணீரும் படக்கூடாது.

இரண்டு முறை திகதி கொடுத்து, இரண்டு முறையும் காரியம் கெட்டது.

முதல் தடவை, ஒப்பரேசன் தியேட்டர் வாசலில் தள்ளுவண்டியில் படுத்திருந்த கமீலா நிம்மதியாக ஓர் ஏப்பம் விட்டாள். வண்டி தள்ளி வந்த அற்றன்டன் கனகரெத்தினம் மூக்கைச் சுருக்கினார்.

“டொக்டர், கதலிப்பழம் மணக்குது.”

வண்டி வந்த வழியே திரும்பியது.

“ஆர் குடுத்த?” என்று அதாவுல்லா போட்ட சத்தத்தில் வார்டே அடங்கிப் போனது. இறக்காமத்து வயலில் யானை இறங்கினால் தகரம் தட்டாமல் வாயாலேயே விரட்டுகிறவன் அவன். கமீலா முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

மருமகளைப் பார்க்கப் பாலமுனையிலிருந்து வந்திருந்த சுஹறாதான் மெல்ல வாயைத் திறந்தாள்.

“நான்தான். பள்ளி லெப்பைட்ட குடுத்து ஓதி எடுத்த பழம். ஓதின பழம் சாப்பாட்டில சேராதெண்டு நினைச்சிட்டன்.”

வார்டிலிருந்த பெண்களில் பாதிப்பேர் அது நியாயம்தானே என்று தலையாட்டினார்கள். ஓதின தண்ணீரும் ஓதின சீனியும் மருந்து. அதைப் போய் யாராவது சாப்பாடு என்பார்களா? நர்ஸ் மிஸ்ஸிக்கு மட்டும் அது கடைசிவரை விளங்கவில்லை.

அடுத்த மாதமும் அதே ஏப்பம், அதே கனகரெத்தினம், அதே சுஹறா. இந்த முறை மூத்தவள் என்றும் பாராமல் அதாவுல்லா எல்லோர் முன்னாலும் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினான். சுஹறா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் சீ.ரீ.பி. பஸ் ஏறிப் போனாள். அன்றோடு ஸுலைஹா அவளோடு கதை பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

இது மூன்றாவது திகதி. டொக்டர் அடுத்த கிழமை மாற்றலாகிப் போகிறார். இன்றும் தவறினால் பிள்ளையைக் கொழும்புக்குத்தான் கொண்டு போக வேண்டும்.

விடிந்ததிலிருந்து ஸுலைஹா கட்டிலை விட்டு அசையவில்லை. போன இரண்டு தடவையும் அவள் முகம் கழுவப் போன நேரத்தில்தான் மதினி வேலையைக் காட்டியிருக்கிறாள். ஆகவே இன்று முகமும் கழுவவில்லை.

எட்டு மணிக்கு மிஸ்ஸி ஒப்பம் வைக்கக் கூப்பிட்டாள். பிள்ளைக்குக் காவல் வைக்க அதாவுல்லாவைத் தேடினால் ஆளைக் காணவில்லை. ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். கேட்டடியில் சுஹறா நின்றாள். தம்பியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னவோ கதைத்தாள். அவன் உள்ளே வரத்தான் பார்க்கிறான், அவள் விட்டால்தானே.

ஸுலைஹாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையைக் கத்திக்குக் கொடுக்கிற நேரத்தில் பெற்ற தகப்பனையும் பக்கத்தில் நிற்க விடாத இவளும் ஒரு மாமியா? பக்கத்துக் கட்டில்காரியிடம் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு, ஓடிப் போய் ஒப்பம் வைத்துவிட்டு, ஓடி வந்தாள்.

இந்தத் தடவை ஏப்பம் வரவில்லை. கனகரெத்தினம் இரண்டு தரம் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, திருப்தியாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். தியேட்டர் கதவு சாத்தியதும் ஸுலைஹா தெரிந்த சூறா எல்லாவற்றையும் ஓதி, ஓதி முடித்து அழுதாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மத்தியானமானதும் கமீலா கண் திறந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் அதாவுல்லா, ராத்தாவின் பிடியிலிருந்து ஒருவழியாகக் கழன்று, வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தான். பிள்ளை அவனைப் பார்த்து உதட்டை அசைத்தாள்.

“கதைக்காதீங்க மகள். கதைக்கப்படாதெண்டு டொக்டர் சொல்லிரிக்கார்” என்றான் அவசரமாக. டொக்டரின் சொல்லுக்கு அவன் இவ்வளவு மரியாதை கொடுத்து ஸுலைஹா கண்டதில்லை.

கமீலா கேட்கிறவளா? காற்றாக வந்தது குரல்.

“வாப்பா, இண்டைக்கு ஏன் பழம் தரல்ல? எனக்கு எவ்வளவு பசிச்சிச்சி.”

இப்போது அதாவுல்லா முகட்டைப் பார்த்தான்.

“அந்த ரெண்டு தரமும் பசிக்குது வாப்பா எண்டு கையப் புடிச்சிட்டா” என்றான் கடைசியில். “எனக்குத் தாங்கல்ல. ராத்தாட பையில கிடந்திச்சி, எடுத்துக் குடுத்திட்டன்.” அந்தக் குரலுக்கு ஆடுகூடத் திரும்பியிருக்காது.

ஸுலைஹா விறுவிறென்று கேட்டடிக்குப் போனாள். சுஹறா மதில் ஓரமாகக் குந்தியிருந்தாள். இவளைக் கண்டதும் எழும்பி, “புள்ளைக்கு எப்படி?” என்றாள்.

ஸுலைஹா வெட்கத்தோடு மதினியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“செய்யாத குத்தத்துக்கு ஏன் மதினி ஏச்சு வாங்கின நீங்க? அதுவும் ரெண்டு தரம்.”

சுஹறா சிரித்தாள்.

“எனக்கு ஏசினா நான் பாலமுனைக்கு பஸ் ஏறிருவன். அவனுக்கு நீ ஏசத் தொடங்கினா, அவன் எங்ககா போற?”