பொருத்தமான ஆள்

புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடத்தில் அந்த இரண்டாம் வருட மாணவனுக்கு ‘கைராசி’ என்று பட்டப்பெயர். புற்றுச் செல்களின் வளர்ச்சியை நிறுத்தும் ஒரு மருந்துக் கலவையை அதற்குள் கண்டுபிடித்துவிட்டான். ஐந்து வருடமாக அதே கூடத்தில் ஆராய்ச்சி மாணவியாக மாரடித்துக்கொண்டிருந்த அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் வெளியே காட்டிக்கொண்டதில்லை. எல்லோருக்கும் முன்னால் சிரித்த முகமாகக் கைகொடுத்து வாழ்த்தியவளும் அவள்தான்.

“அவன் சோதனையை வேற ஒருத்தர் செஞ்சு பார்த்தாதான் கட்டுரையை அனுப்ப முடியும். நீ செஞ்சிடும்மா,” என்றார் பேராசிரியை.

தன் திறமையை நம்பித்தான் மேடம் கொடுக்கிறார் என்று அவளுக்குப் பெருமை. அவன் குட்டை உடைத்துவிடலாம் என்ற நப்பாசை அதைவிடப் பெரிது.

முதல் முறையே செல்களின் வளர்ச்சி நின்றுவிட்டது. அவள் நம்பவில்லை. புது மருந்து வரவழைத்தாள். புதுச் செல்களை வளர்த்தாள். நான்காவது முறையும் நுண்ணோக்கியில் அதே காட்சிதான்.

வேண்டாவெறுப்பாக முடிவுகளைக் கொண்டுபோய் நீட்டினாள்.

“நாலு தடவையும் சரியாதான் வந்திருக்கு மேடம்.”

“நாலா? நான் ஒரு தடவைதானே செய்யச் சொன்னேன்?” மேடம் சிரித்துவிட்டார். “அவன் சொன்னது சரிதான். உங்கிட்டதான் கொடுக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னான்.”

“எங்கிட்டயா? ஏன் மேடம்?”

“‘அக்காவுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. அவங்க கையிலயே சரியா வந்துட்டா, அப்புறம் யாரும் குறை சொல்ல முடியாது’ன்னான்.”