ஒரு கொத்துக் கறிவேப்பிலை

ஆளில்லாக் கடையில் வெண்டைக்காய் வாங்கிய தில்லைநாயகி, பையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையையும் எடுத்துப் போட்டுக்கொண்டார். அதற்கும் ஒரு விலை ஒட்டியிருந்ததை அவர் பார்க்கவில்லை. கறிவேப்பிலைக்கு யார் விலை பார்ப்பார்கள்? வாசலைத் தாண்டுவதற்குள் திருட்டு வழக்கு பதிவாகிவிட்டது.

"முதல் தப்புன்னா கோர்ட்டு விட்டுடும்மா. 'இதான் முதல் தடவை'ன்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் பேசாதீங்க" என்று வக்கீல் இம்தியாஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

கூண்டில் ஏறியதும், நீதிபதியின் நாற்காலியில் இருந்த இயந்திரம் கேட்டது: "திருடினீர்களா?"

தில்லைநாயகிக்குச் சுருக்கென்றது. "திருட்டா? காய் வாங்கினா கறிவேப்பிலை கொசுறுதானே? முப்பது வருஷமா வாராவாரம் எடுக்கிறேன். ஒரு கடைக்காரர்கூட ஏன்னு கேட்டதில்ல."

இம்தியாஸ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒப்புதல் பதிவாகிறது. மொத்தம் ஆயிரத்து ஐந்நூற்று அறுபது திருட்டுகள்" என்றது இயந்திரம். "சட்டப்படி முதல் குற்றம் மன்னிக்கப்படுகிறது. மீதியை விசாரிக்கலாம்."

தில்லைநாயகி வெற்றிக் களையோடு வக்கீல் பக்கம் குனிந்தார்.

"பாத்தீங்களா தம்பி, இதுவும் கொசுறு குடுக்குது."